சுவிஸ் சம்பந்திக்கு நான் எழுதிய பயணக் குறிப்புகள்

வெளிநாட்டிலிருந்து எங்கள் பக்கத்துக் கலியாணமொன்றுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல ஆறே ஆறு விடயங்கள்தான் இருக்கின்றன. விசாவை முன்கூட்டியே எடுங்கள். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு ஏழு மணித்தியாலம் என்பார்கள். ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நுளம்பு கடிக்காமல் பூசுகிற மருந்து கொண்டுவாருங்கள். முதல் இரண்டு நாளைக்குப் போத்தல் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் வேண்டாம். குடையொன்று கையில் இருக்கட்டும், வெயிலுக்கு. முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகக் கலியாண வீட்டில் இருங்கள். முடிந்தது. ஒரு தபாலட்டையில் எழுதி, மிச்ச இடத்தில் கையெழுத்தும் வைக்கலாம்.

நான் பதினொரு பக்கம் எழுதினேன். இந்த ஆறில் ஒன்றுகூட அதில் இருக்கவில்லை.

நான்கு வருடமாகிறது. இப்போது எனக்கு ஐம்பத்துமூன்று. பிரதேச நூலகமொன்றில் புத்தகங்களுக்கு முத்திரை குத்துகிற வேலை. மிச்ச நேரத்தில் வசனமா கவிதையா என்று எவரும் தீர்த்துச் சொல்ல முடியாத ஏதோ ஒன்றை எழுதுகிற வியாதி. இரண்டாலும் களைத்துப்போயிருக்கிறேன். ஆனாலும் அந்தப் பதினொரு பக்கத்தால் வந்த களைப்பு வேறு. அது இன்னும் ஒவ்வொரு நாளும் என் காலில் இருக்கிறது. எப்படியென்று சொல்கிறேன்.

அக்காவும் அத்தானும் சுவிஸுக்குப் போய் முப்பது வருடம். அவர்களின் ஒரே மகள் நிலானி அங்கேயே பிறந்தவள், அங்கேயே மார்க்கூஸ் என்கிற பையனைக் கண்டுபிடித்தவள். கலியாணத்தை மட்டும் தாயின் ஊரில்தான் செய்வேன் என்று நின்றாள். தாயின் ஊர் என்றால் எங்கள் ஊர். ஆற்றுக்கு அங்கால், பொழுது படுகிற பக்கம், படுவான்கரை.

பிரச்சினை மார்க்கூஸின் தாய். பெயர் உர்சுலா. கணவர் இறந்து ஆறு வருடம். கடலைத் தாண்டி ஒரு நாளும் போகாத மனிசி. ‘நீங்கள் அங்கே போய்க் கட்டிக்கொண்டு வாருங்கள், இங்கே வந்ததும் கோப்பி குடிப்போம்’ என்று சொல்லிவிட்டாராம். நிலானி எனக்குப் போன் எடுத்தாள்.

“மாமா, அவவுக்குப் பயம். பாம்பு, வெயில், சாப்பாடு, எல்லாத்துக்கும் பயம். நீங்க ஒரு பக்கம் எழுதித் தாங்க. வாறவங்களுக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கோணும் எண்டு. நான் ஜெர்மன்ல மாத்திக் குடுக்கிறன்.”

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. “அவனட்டக் குடுக்காத புள்ள. அவன் கடைச் சாமான் துண்டு எழுதினாலே பருப்பு அழும்.”

“நடைமுறையா எழுதுங்க மாமா,” என்றாள் நிலானி. “ஒரு பக்கம்.”

நடைமுறை. அந்தச் சொல்லை ஒரு துண்டில் எழுதி மேசையில் ஒட்டிவைத்துத்தான் தொடங்கினேன். இரண்டாவது வரியிலேயே ஆறு வந்துவிட்டது. ஆறு வந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. எங்கள் ஆற்றில் இரவில் மீன் பாடும் என்று சொல்வதைப் பற்றி மட்டும் இரண்டரைப் பக்கம் (நான் ஒரு நாளும் கேட்டதில்லை). ‘விமானத்தால் இறங்கியதும் இந்த மண்ணை முதலில் கண்ணால் பார்க்காதீர்கள், காலால் பாருங்கள்’ என்று எழுதினேன். ‘கைக்கடிகாரங்களையும் போன்களையும் அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள், எங்கள் ஆறு எவருக்கும் மணி சொல்வதில்லை’ என்று எழுதினேன். (சுவிஸ்காரருக்கு! கைக்கடிகாரத்தைக் கழற்றிவைக்கச் சொல்லி!) ‘கலியாண வீட்டுக்கு வீதியால் வராதீர்கள், தண்ணீரால் வாருங்கள்’ என்று எழுதினேன். இடையில், நடைமுறையாக ஒன்றாவது இருக்கட்டும் என்று, ‘எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் தேநீரை மறுக்காதீர்கள். மறுக்கப்பட்ட ஒரு கோப்பைக்குள் ஒரு வீடே ஆறிப்போகும்’ என்று எழுதினேன். அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக் கண் கலங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நிலானி அதை மாற்றி அனுப்பினாள். இரண்டு கிழமையில் மறுபடி போன்.

“மாமா! உர்சுலா வாறாவாம்! தங்கச்சியும் தங்கச்சிட மனுசனும் கூட வாறாங்க. ஒவ்வொரு நாளும் படுக்கப்போகக்குள்ள உங்கட கடிதத்தைத்தான் வாசிக்கிறாவாம்!”

நான் அன்று முழுக்க நூலகத்தில் முத்திரையைத் தலைகீழாகக் குத்திக்கொண்டிருந்தேன், சந்தோசத்தில்.

“ஒண்டே ஒண்டுதான் செஞ்சன் மாமா,” என்றாள். “வாசிக்க லேசா இருக்கட்டும் எண்டு, செய்யுங்க, செய்யாதீங்க எண்ட வரிக்கெல்லாம் நம்பர் போட்டன். நாப்பத்திமூண்டு வந்திச்சி.”

நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நம்பர் போட்ட கவிதை சட்டமாகிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதல் அறிகுறி விமான நிலையத்திலேயே கிடைத்தது. கூட்டிவரப் போன நவாஸ் காக்கா (காத்தான்குடிக்காரர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம்; எங்கள் குடும்பத்துக்கு எப்போதும் அவருடைய வான் வண்டிதான்) அங்கிருந்தே எனக்குப் போன் அடித்தார்.

“சேர், ஆக்கள் வந்திட்டாங்க. ஆனா மூணு பேரும் சப்பாத்தக் கையில புடிச்சிக்கிட்டு வெறுங்காலோட வாறாங்க. ஏதும் நேத்திக்கடனா?”

“இல்ல காக்கா. அது… நான் எழுதினது.”

“சேர், தார் கொதிக்குது,” என்றார். “அடுத்த முறை செருப்பு எண்டும் ஒரு சொல்லு எழுதுங்க.”

பெரியகல்லாற்றில் கடற்கரையோரமாக ஒரு சிறிய விடுதியில் அவர்களைத் தங்கவைத்தோம். கலியாணத்தன்று காலையில் நவாஸ் காக்கா அவர்களை ஏற்றி, பாலத்தால் சுற்றி, வெல்லாவெளி வீதியால் எங்கள் ஊருக்குக் கொண்டுவர வேண்டும். முக்கால் மணித்தியால ஓட்டம். முகூர்த்தம் பத்தே காலுக்கும் பதினொன்றுக்கும் இடையில். எட்டு மணிக்கு வெளிக்கிட்டால் ஒன்பதுக்கு முன்னம் வீட்டில் நிற்பார்கள்.

ஒன்பதாயிற்று. ஒன்பதரையாயிற்று. வரவில்லை. மூன்று பேரின் போனும் அடித்து அடித்து ஓய்ந்தன. பெரியகல்லாற்று அறையொன்றின் மேசையில், மூன்று கைக்கடிகாரங்களுக்குப் பக்கத்தில், அவை அடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். நவாஸ் காக்காவுக்கு எடுத்தேன்.

“சேர், எட்டே காலுக்குத் துறையடியில இறக்கிட்டனே.”

“துறையடியிலயா? பாலத்தால வரச் சொன்னதெல்லா?”

“நான் சொன்னன் சேர். அந்தம்மா ஒரு கடதாசியக் காட்டி இருவத்தேழு, இருவத்தேழு எண்டு விரல வெச்சிக் குத்துறா. வானால வரமாட்டாவாம், தண்ணியாலதான் வருவாவாம். நான் என்ன செய்ய?”

துறையில் இரண்டு கரைக்குமிடையில் ஓடுகிற தட்டையான பெரிய மிதவை ஒன்று இருக்கிறது. மோட்டார் சைக்கிள், மாடு, மனிதர், நெல்மூட்டை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பத்து நிமிடத்தில் இக்கரைக்கு வந்துவிடும். இறங்கினால் எங்கள் ஒழுங்கை. ஒழுங்கையின் முடிவில் எங்கள் வீடு. நடந்தால் இன்னொரு பத்து நிமிடம். எட்டரைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டியவர்கள், ஒன்பதரை தாண்டியும் இல்லை.

மணவறைக்குப் பக்கத்து அறையில் நிலானி கூறைச்சேலையோடு நின்றாள். முகத்தில் பூசியதெல்லாம் வேர்வையில் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது.

“மாமா, உர்சுலா இல்லாம நான் மணவறையில குந்தமாட்டன்.”

“வந்திருவா புள்ள.”

“அவ என்ன நம்பி வரல்ல. மார்க்கூஸ நம்பியும் வரல்ல. உங்கட கடிதத்த நம்பித்தான் வந்தவ. நீங்கதான் போய்க் கூட்டிட்டு வரோணும்.”

அக்கா என்னைப் பார்த்தாள். முப்பது வருடம் பனியில் இருந்தவளின் பார்வை. பங்குனி வெயிலிலும் எனக்குக் குளிர்ந்தது. ஐயர் மட்டும், “பதினொண்டு தாண்டினா முகூர்த்தம் போயிரும், நான் கட்ட விடமாட்டன், சொல்லிட்டன்,” என்றார் புகைக்குள்ளிருந்து.

ஓடினேன். வேட்டியோடு ஓடுவது ஒரு தனிக்கலை; எனக்கு அது தெரியாது.

அவர்கள் எட்டாவது வீட்டில் இருந்தார்கள்.

இந்த இடத்தில் எங்கள் ஒழுங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறையிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் இருபது வீடு. இருபதும் ஒரே குடி. எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வரும். தாயின் குடிதான் பிள்ளையின் குடி. ஆகவே அக்காவின் மகளுக்குக் கலியாணமென்றால் அந்த இருபது வீட்டுக்கும் அது தங்கள் மகளின் கலியாணம். மாப்பிள்ளையின் தாய் தங்கள் கடப்பைத் தாண்டிப் போகும்போது (வளவு வாசலுக்கு எங்கள் ஊரில் கடப்பு என்று பெயர்) கூப்பிடாமல் விட்டால் குடிக்கே இழுக்கு. ஒரு வீட்டில் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் குடிக்காமல் போனால் அந்த மனக்குறை பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் போகும்.

அதனால் எங்களில் எவரும் அந்த ஒழுங்கையால் நடக்கும்போது குடிப்பதேயில்லை. அதற்கென்று எங்களிடம் ஒரு வழி இருக்கிறது. கடப்படியில் நின்று, “வாங்க, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்று கூப்பிடுவார்கள். நாங்கள் நடையைக் கொஞ்சம் குறைத்து, முகத்தைக் கொஞ்சம் மலர்த்தி, “வரக்குள்ள குடிக்கிறன்” என்போம். திரும்பி வரும்போது குடிக்கிறேன் என்று அர்த்தம். திரும்பி வரும்போது குடிப்பதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கூப்பிட்டவருக்கும் மரியாதை, போனவருக்கும் மரியாதை, அடுப்புக்கும் ஓய்வு. பிறந்ததிலிருந்து இப்படித்தான் நடக்கிறோம். மூச்சு விடுவதைப்போலப் பழகிப்போன விடயம்.

பதினொரு பக்கத்தில் அதை எழுத எனக்குத் தோன்றவில்லை. மறுக்காதீர்கள் என்று மட்டும் எழுதியிருந்தேன். இலக்கம் பதினான்கு.

எட்டாவது வீடு இராசாத்தியின் வீடு. உர்சுலா விறாந்தையில் கத்தரிப்பூச் சேலையும் வியர்வையுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் கோப்பை. மடியில் என் கடிதம், பிளாஸ்ரிக் உறைக்குள், மழைக்கும் வெயிலுக்கும் அசையாதபடி. அவருடைய தங்கையின் முகம் வாழைக்குருத்து நிறமாகியிருந்தது. தங்கையின் கணவரைக் காணவில்லை; வளவின் பின்பக்கம் போயிருந்தார், நான்காவது தடவையாக.

“அண்ண! வாங்க வாங்க, இரிங்க,” என்றாள் இராசாத்தி. “உங்களுக்கும் ஊத்திட்டன்.”

“இராசாத்தி, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு. எழுப்பி விடு.”

“ஏழு வீட்டில குடிச்சவ என்ட வீட்டில குடிக்காமப் போறயா? நான் மறுகா சனத்திர முகத்தில முழிக்கிறயா?”

“குடிச்சிட்டாதானே.”

“பலகாரம் இன்னும் தின்னல்ல.” கொக்கிசுத் தட்டை உர்சுலாவின் பக்கம் நகர்த்தினாள். “நீங்கதானாமே எழுதின, இஞ்ச ஒண்டையும் வேணாமெண்டு சொல்லக்கூடாதெண்டு. உங்கட மனிசி ஊரெல்லாம் சொல்லிட்டா. விடிய அஞ்சு மணிக்கே இருவது வீட்டிலயும் அடுப்பு மூட்டியாச்சு.”

என் மனைவி மலர். என் எழுத்தை அவள் பெருமையாகச் சொன்னது வாழ்க்கையிலேயே அந்த ஒருமுறைதான்.

மணி பத்து ஐந்து. மிச்சம் பன்னிரண்டு வீடு. வீட்டுக்குப் பத்து நிமிடம் என்றால் இரண்டு மணித்தியாலம். ஒழுங்கையை எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு கடப்படியிலும் பன்னிரண்டு பெண்கள், தட்டோடு.

எனக்கும் உர்சுலாவுக்கும் பொதுவாக இருந்தது ஆளுக்கு ஒரு கைப்பிடி ஆங்கிலம். அதை வைத்துக்கொண்டு, எழும்புங்கள், இனிக் குடிக்க வேண்டாம், நேரே போவோம் என்றேன்.

உர்சுலா கடிதத்தைத் திருப்பி என் முன்னே நீட்டினார். “பதினான்கு,” என்றார்.

“தெரியும். அது… அது சும்மா அழகுக்கு எழுதியது.”

“அழகுக்கு?”

“ஓம். கவிதை.”

கடிதத்தை மறுபடி மடியில் வைத்து விரலால் மெல்லத் தடவினார். “என் கணவர் போன பிறகு நான் பக்கத்து நகரத்துக்குக்கூடத் தனியே போனதில்லை,” என்றார். “இதை நம்பித்தான் விமானத்தில் ஏறினேன். மண்ணில் வெறுங்காலோடு நடந்தேன், சுட்டது. மீனைக் கேட்க நேற்றுப் பின்னேரம் படகில் போனேன், ஒன்றும் கேட்கவில்லை. பரவாயில்லை, எனக்குக் காது மந்தம் என்று நினைத்தேன். இப்போது சொல்லுங்கள். நாற்பத்துமூன்றில் எது உண்மை? எதெது அழகுக்கு?”

இராசாத்திக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அவள் கொக்கிசுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

இவ்வளவு காலமும் எழுதுகிறேன். எவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நன்றாக இருக்கிறது என்பார்கள், விளங்கவில்லை என்பார்கள். உண்மையா என்று கேட்டதில்லை. பக்கத்திலிருந்த கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். (எனக்குச் சீனி வியாதி. டொக்டர் விலக்கியிருந்தார்.)

“பதினான்கு உண்மை,” என்றேன் கடைசியில். “ஆனால் அதற்கு இன்னொரு பாதி இருக்கிறது. எழுத மறந்துவிட்டேன்.”

அந்த இன்னொரு பாதியைச் சொல்லிக்கொடுத்தேன். ‘வரக்குள்ள குடிக்கிறம்.’ கடப்படியில் நின்று, சிரித்து, இதைச் சொன்னால் போதும். மறுத்ததாக ஆகாது.

“அப்படியென்றால் திரும்பி வரும்போது குடிக்கிறோம்?”

“ஓம்.”

அந்த ஓம்தான் அன்றைக்கு நான் சொன்ன பெரிய பொய்.

உர்சுலா எழுந்தார். கொக்கிசு இரண்டை எடுத்துக் கைலேஞ்சிக்குள் மடித்து இராசாத்தியைக் கும்பிட்டார். வளவுக்குப் பின்னாலிருந்து வந்த மைத்துனரையும் பச்சைத் தங்கையையும் இழுத்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினோம்.

ஒன்பதாவது கடப்படி. பூமணி தட்டோடு நின்றாள். உர்சுலா நின்றார், நெஞ்சில் கை வைத்தார், ஒவ்வொரு எழுத்தாக இறக்கினார்: “வ-ரக்-குள்-ள கு-டிக்-கி-றம்.”

பூமணியின் வாய் திறந்தபடி நின்றது. “அடி ஆத்தே! தமிழ் பேசுறா கா! இஞ்ச வாங்க எல்லாரும், வெள்ளக்காரச் சம்பந்தி தமிழ் பேசுறா!”

“இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்க அண்ண!” என்றது அடுத்த கடப்பு.

இன்னொருமுறை சொன்னார். குரவை எழுந்தது. எங்கள் பெண்கள் நல்ல காரியத்துக்கு நாக்கைச் சுழற்றி எழுப்புகிற அந்தச் சத்தம் அடுத்த கடப்புக்குத் தாவி, அதற்கடுத்த கடப்புக்குத் தாவி, நாங்கள் போவதற்கு முன்னமே ஒழுங்கையின் முடிவுக்குப் போய்விட்டது. அதனால் ஒவ்வொரு கடப்படியிலும் தேநீரை மறந்து, தமிழைக் கேட்கத்தான் நின்றார்கள். பதினான்காவது வீட்டில் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. போனில் படம் பிடிக்கிறவளுக்கு வெளிச்சம் சரியில்லையாம். நான் வேட்டியைப் பிடித்தபடி, “போவம், போவம், போவம்” என்று ஆடு சாய்க்கிறவனைப்போலப் பின்னால் வந்தேன்.

பத்து ஐம்பத்தொன்றுக்குப் பந்தலுக்குள் நுழைந்தோம். நிலானி உர்சுலாவைக் கண்டதும் போய் மணவறையில் உட்கார்ந்தாள். ஐயர், “மிச்ச மந்திரத்த மனசுக்குள்ள சொல்லுறன், தாலிய எடுங்க,” என்றார். பதினொன்றுக்கு மூன்று நிமிடம் இருக்கக் கட்டியாயிற்று. உர்சுலா அழுதார், அக்கா அழுதாள், மார்க்கூஸ் மாலைக்குள் தும்மினான்.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“ஒரு பக்கம் எண்டுதானே சொன்ன,” என்றாள்.

அவ்வளவுதான். போய்விட்டாள்.

பந்தி முடிந்தது. எல்லாம் தப்பியது என்ற நிம்மதியில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகளைச் சேர்த்துப் போட்டுக் காலை நீட்டினேன். கண் செருகுகிற நேரம், தோளில் ஒரு விரல் தட்டியது. உர்சுலா. தோளில் பை, தலையில் தொப்பி.

“போவோமா?” என்றார்.

“எங்கே?”

“பன்னிரண்டு வீடு.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். எவ்வளவு மரியாதையாகச் சொல்லலாமோ அவ்வளவு மரியாதையாகச் சொன்னேன். அது ஒரு பேச்சுக்குச் சொல்வது. நாங்களெல்லாம் சொல்வதுதான். எவரும் போவதில்லை. எவரும் எதிர்பார்ப்பதுமில்லை.

உர்சுலா கேட்டுக்கொண்டிருந்தார். கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“என் வாழ்க்கையில் நான் பேசிய தமிழ் இன்று பன்னிரண்டு வீட்டில்தான்,” என்றார். “பன்னிரண்டும் பொய்யாக இருக்கட்டுமா?”

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழும்பினேன். சொன்ன ஒழுங்கிலேயே குடிக்க வேண்டும் என்று உர்சுலா நின்றதால், ஒன்பதாவது வீட்டிலிருந்து தொடங்கினோம்.

பூமணி காலையில் உடுத்த பட்டுச்சேலையை அவிழ்த்து, பழைய சட்டையோடு கிணற்றடியில் சட்டி மினுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் கையிலிருந்த தும்பு விழுந்தது.

“என்ன அண்ண? ஏதும் விட்டுட்டுப் போயிட்டாவா?”

“தேத்தண்ணி குடிக்க வந்திருக்கா.”

“எந்தத் தேத்தண்ணி?”

“வரக்குள்ள எண்டு சொன்ன தேத்தண்ணி.”

“ஐயோ!” பூமணி உள்ளே ஓடினாள். “அடுப்பு நூந்துபோச்சு! சீனியும் இல்ல! ராணி, ராணி, ஒரு கோப்பை சீனி தா, இவங்க உண்மையா வந்திட்டாங்க!” பத்தாவது வீட்டு ராணி வேலிக்கு மேலால் சீனியைக் கொடுத்தாள். அடுத்தது தன்னுடைய வீடுதான் என்பது பிறகுதான் விளங்கி, அவள் பதினோராவது வீட்டுக்கு ஓடினாள். அப்படியே சீனி எங்களுக்கு முன்னால் வேலி வேலியாக ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்தாவது வீட்டில் ஆளில்லை. அந்த வீட்டார் எங்கள் வீட்டில் இன்னும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். உர்சுலா படியில் உட்கார்ந்து காத்திருந்தார். ஆள் வரும்வரைக்கும் அசையவில்லை.

பதினெட்டாவது வீடு தங்கத்தின் வீடு. புருசனும் பிள்ளைகளும் கட்டாரில், தனியே இருக்கிறவள். தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவுநிலையில் சாய்ந்தபடி உர்சுலா குடிப்பதையே பார்த்தாள். தலைக்குமேல் ஒன்றும் விழவில்லை, ஊர் இடிந்துபோகவில்லை. ஒரு மனிசி வந்து குந்தித் தேத்தண்ணி குடிக்கிறாள், அவ்வளவுதான்.

“கலியாணம் முடிச்சி இந்த வளவில குடியிருக்கத் தொடங்கி இருவத்தாறு வருசம் அண்ண,” என்றாள். “வரக்குள்ள எண்டு சொல்லிட்டுப் போன ஒராள் திரும்பி வந்து குடிக்கிறத இண்டைக்குத்தான் கண்ணால காணுறன்.”

நான் சிரித்து வைத்தேன்.

“நீங்க எத்தின நாள் சொல்லியிருப்பீங்க,” என்றாள். குரலில் குற்றமில்லை. வெறும் கணக்குக் கேட்பதுபோலக் கேட்டாள். “நூலகம் விட்டுக் கிழமைக்கு அஞ்சு நாள் இந்தப் பக்கத்தாலதானே போறீங்க.”

உர்சுலா என்னிடம் திரும்பி, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். தேநீர் நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறாள் என்றேன். பொய்யோடு பொய். “மிக நன்று,” என்றார் உர்சுலா. என் கோப்பையில் மிச்சமிருந்ததை நான் தலை குனிந்து குடித்தேன். அடி வரைக்கும் இனித்தது. எழுதியபோது கண் கலங்கிய அந்த வரி, ஒரு வீடே ஆறிப்போகும் என்றது, அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு வாயில் வரவில்லை. நல்லவேளை.

இருபதாவது வீட்டை விட்டு வெளிக்கிடும்போது பொழுது ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. உர்சுலா உற்சாகமாக நடந்தார். நான் வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். அடுத்த நாள் காலையில் என் இரத்தத்திலிருந்த சீனியின் அளவைப் பார்த்த கிளினிக் மிஸ், இயந்திரம் பழுதென்று நினைத்து இன்னொன்றை எடுத்துவந்தார்.

அவர்கள் போய்விட்டார்கள். உர்சுலா இப்போது வருடத்துக்கு ஒருதடவை வருகிறார், சப்பாத்தோடு, பாலத்தால். எனக்கு ஒரு பிரச்சினையுமில்லை என்று நினைத்திருந்தேன்.

கலியாணம் முடிந்து முதல் திங்கட்கிழமை, நூலகம் விட்டுத் துறையால் இறங்கி ஒழுங்கைக்குள் வந்தேன். முதல் கடப்படியிலேயே கூப்பிட்டார்கள். வழக்கம்போல முகத்தை மலர்த்தி, “வரக்குள்ள குடிக்கிறன்” என்றேன்.

“எந்த வரக்குள்ள அண்ண?” என்று ஒரு குரல் கேட்டது. “ஊர் வரக்குள்ளயா, சுவிஸ் வரக்குள்ளயா?”

ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அதுதான் கதை. எங்கள் பக்கத்தில் எவர் எதற்குத் தவணை சொன்னாலும் இந்தக் கேள்வி வரும். மேசன் நாளைக்கு வாறன் என்றால், ஊர் நாளையா சுவிஸ் நாளையா. நான் ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்றால் மலர் அடுப்படியிலிருந்து தலையை நீட்டாமலே கேட்பாள். போன மாதம் நிலானி போனில், அடுத்த வருடம் பிள்ளையோடு வருவேன் என்றாள். அக்கா பக்கத்திலிருந்து அவளிடமே கேட்டாள்.

மற்றவர்களுக்கு அது பகிடி. எனக்குப் பாதை. ஊர் வரக்குள்ள என்று சொல்ல வாய் வருவதில்லை. சுவிஸ் என்று சொல்லிவிட்டால் திரும்ப வேண்டும். ஆகவே கூப்பிட்ட வீட்டிலேயே குடித்துவிட்டுப் பத்து நிமிட ஒழுங்கையைக் கடக்க எனக்கு இப்போது ஒன்றரை மணித்தியாலம். சீனி போடாமல்தான் தரச் சொல்கிறேன். தங்கம் மட்டும் மறந்து போட்டுவிடுவாள்.

நேற்றும் தங்கம் தன் கடப்படியில் நின்றாள். ஐந்தரை மணி, காலெல்லாம் உளைச்சல், வீட்டில் வேலை. “வாங்க அண்ண,” என்றாள்.

வாயைத் திறந்தேன். அவள் புருவத்தை உயர்த்தினாள்.

செருப்பைக் கழற்றினேன்.